பதினெட்டு பிரேம்

பாறை முடிந்த பிறகும்
நாலு எட்டு வைத்துவிட்டது உடும்பு.
வெறுங்காற்று. இன்னும் விழவில்லை.
கீழே பார்க்கும்வரை விழக்கூடாது,
அதுதான் எங்கள் ஸ்டூடியோவில் சட்டம்.

பதினெட்டு பிரேம் நிறுத்து என்கிறார் நிமேஷ்.
முக்கால் செக்கன்.
அதற்குள் ஒன்பது அடி போயிருக்க வேண்டும்.
பௌதிகவியல் படித்தவள் நான்,
இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் எஸ்.

வால் முதலில் இறங்கும், பிறகு வயிறு,
கழுத்து இழுபட்டு நீளும்,
கண்கள் மட்டும் கடைசிவரை நேரே.
உடும்புப் பிடி என்பார்களே,
இது எதைப் பிடித்திருக்கிறது?

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ் பிரேக் போட
உள்ளே நின்றவர்கள் மொத்தமாக
முன்னால் சரிவது இங்கிருந்தே தெரியும்.
அங்கே விதிகளுக்குப் போயாவிலும் லீவு இல்லை.

பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகு
வங்கிக் கணக்கை நான் திறந்து பார்ப்பதில்லை.
வீட்டுக்கார பெனடிற்றா மிஸ்
படியேறும் சத்தம் கேட்டால்
மூச்சை நிறுத்துகிறேன்:
பதினெட்டு, முப்பத்தாறு, எழுபத்திரண்டு பிரேம்.
செருப்பு திரும்பி இறங்குகிறது.
நானும் காற்றில்தான் நிற்கிறேன் போலும்.

எதிரே புதுத் தொடர்மாடி ஏறுகிறது.
பதினோராம் தட்டில் ஒரு பலகை.
ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்துவிட்டு
ஒருவன் குந்தியிருக்கிறான்.
எட்டிக் கீழே பார்க்கிறான்,
நன்றாக, ஆறுதலாக,
விழுந்த சில்லறையைத் தேடுகிறவன் மாதிரி.

விழவில்லை.

"இஸ்ஸதீன் நானா, ரெண்டு பிளேன்டீ!
ஒன்னுல சீனி வேணாம்!"

கயிற்றில் வாளி ஏறுகிறது.
கடற்காற்று அதைப் பம்பரமாகச் சுற்ற
எட்டாம் தட்டருகே கொஞ்சம் சிந்துகிறது.
எண்ணினேன். தகரக் கூரைக்கு இரண்டு செக்கன்.
சரியாகத்தான் இருக்கிறது கணக்கு.
அவனுக்கென்று ஒரு பிரேம்கூட
யாரும் கூடுதலாக வரைந்து வைக்கவில்லை.
மிஞ்சியதை ஊதி ஊதிக் குடிக்கிறான்,
கால்கள் ஆடுகின்றன.

உடும்பின் கண்ணை அழித்தேன்.
கீழே பார்க்கிறபடி வரைந்தேன்,
கருமணியை இமையோடு ஒட்டி.
அடுத்த பிரேமிலும் அதே இடம்.
அதற்கடுத்ததிலும்.

பார்த்துவிட்டதே, இனி விழத்தானே வேண்டும்
என்கிறார் நிமேஷ், தோளுக்குப் பின்னால்.

கொஞ்சம் பொறுங்கோ,
அது பிளேன்டீக்குச் சொல்லியிருக்கிறது.