ஒரு பக்கத்துக்கு மிகாமல்

நகராட்சிப் படிவத்தில் இடம் விட்டிருக்கிறார்கள்:
கழகத்தின் வரலாறு, ஒரு பக்கத்துக்கு மிகாமல்.
நான் பொருளாளர்.
சுண்ணாம்பு மூட்டைக் கணக்கும்
சட்டை துவைத்த கணக்கும் எழுதிப் பழகிய கை.
அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் சட்டைகள் ரயில்வேயின் கொடித்துணி.
இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை.
தைத்தவர் நிலைய அதிகாரியின் மனைவி ஒதில்யா பெர்தோமோ.
கொடிகளைத் திருடியவர் யார் என்ற இடத்தில்,
இருபத்தொன்றாம் வருடக் குறிப்பேட்டில்,
மூன்று வரி அடித்திருக்கிறது.
மழை பெய்தால் சாயம் போகும்.
இடைவேளைக்குள் பதினோரு பேரும் சேற்று நிறம்,
எதிரணியும் சேற்று நிறம்;
குரலை வைத்துத்தான் பந்தைக் கொடுத்தார்களாம்.

பெயர் செமாஃபோரோ. அதாவது கைகாட்டி.
கை இறங்கினால் வண்டி போகலாம்.
எங்கள் தடுப்பாட்டக்காரர்கள்
முதல் வருடம் முழுக்கக் கையை இறக்கியே வைத்திருந்தார்கள்:
வாங்கிய கோல் அறுபத்திரண்டு.

கோல் கம்பங்கள் தண்டவாளம்.
கழித்துப்போட்ட இரும்பு இரண்டை நட்டு
மேலே ஒன்றைக் கிடத்தி அறைந்தவர் கொல்லர் நெரெயோ.
பந்து பட்டால் ணங் என்று
ரொட்டிக்கடை வரை கேட்கும், கல்லறை வரை கேட்கும்.
உள்ளே போனால் ஒன்றுமே கேட்காது.
ஞாயிறு மதியம் வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு
நாங்கள் தவறவிட்டவை எல்லாம் தெரியும்.

சாதனைகள் என்றொரு கட்டம்.
ஒன்று.
ஐம்பத்தொன்பது, இறுதிப் போட்டி,
எதிரே அக்கரை அணி லா பால்சா.
நான்கு நாள் மழையில் பாலம் போய்விட்டது.
இக்கரையில் மாட்டிக்கொண்ட நடுவர் சட்டம் தெரிந்தவர்:
வரிசையில் நில்லுங்கள், முப்பது நிமிடம் பார்ப்போம்.
நின்றார்கள்.
எதிர்ப்பாதியில் யாருடையதோ ஒரு குதிரை.
கடிகாரம் பார்த்து, விசில் ஊதி,
கோப்பையைக் கொடுத்தார்.
கைதட்டலாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்கரையிலும் பதினோரு பேர்,
சட்டை போட்டு, காலணி கட்டி,
தண்ணீர் விளிம்பில் நின்றிருந்தார்கள்.
வால்டெமார் சில்வேரா கோப்பையைத்
தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.
பெருமைக்கா, மன்னிப்புக்கா,
எண்பத்திரண்டு வயதிலும் அவர் சொல்லவில்லை.
அங்கிருந்து எவனோ பந்தை ஓங்கி உதைத்தான்.
பாதி வழியில் ஆறு வாங்கிக்கொண்டது.

கோப்பையில் வெற்றி என்று பொறிக்கச்
செயற்குழு சம்மதிக்கவில்லை.
தேதி இருக்கிறது.
மாத்தே இலை போட்டுவைக்க நல்ல அளவு.

எண்பத்தெட்டில் கடைசிப் பயணிகள் வண்டி.
வேலை தேடிப் போனவர்களில் கோல்காப்பாளர்கள் மட்டும் மூன்று பேர்.
இரண்டு வருடத்துக்குக் கணக்கில் ஒரே வரி:
சுண்ணாம்பு வாங்கவில்லை.
பிறகு லா பால்சா நான்கு பேரைக் கடன் கொடுத்தது.
டிராக்டரில் பாலம் தாண்டி வந்து
எங்கள் சட்டைக்குள் கூச்சத்தோடு தலையை நுழைத்தார்கள்.
ஒருவனுக்கு இடதுகால் சும்மா ஒப்புக்கு,
ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது, கட்டிக்கொண்டேன்.
இது வரலாறு அல்ல.
பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

கடைசிக் கட்டம், தேவைகள்.
அலுமினியக் கோல் கம்பம், வலையுடன், இலவசம்
என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.
ஒரு குறி போட்டால் போதும்.

வெளியே பையன்கள் பயிற்சி.
ணங்.
ரொட்டிக்கடைக்காரர் நிமிர்ந்திருப்பார்.
சுண்ணாம்பு இருபது மூட்டை என்று எழுதினேன்.
துவைக்கும் இயந்திரம் ஒன்று.
கம்பத்துக்கு எதிரே கோடு கிழித்தேன்.
ணங்.
அப்புறம் வெகுநேரம் சத்தமில்லை.
பேனாவை மூடாமலே
எழுந்து போய்ப் பார்த்தேன்.