வெளியேறிய காரணம்

பெயர் தையல்நாயகி.
வயது? யோசித்து, நாற்பதுன்னு போடுங்க என்றாள்.
முகவரிக் கட்டத்தில்
மயிலாடுதுறை ஜங்ஷன், மூன்றாவது பிளாட்பாரம்,
தண்ணீர்க் குழாய்க்குப் பக்கம்
என்று நான் எழுதியதை அதிகாரி சிவப்பில் அடித்தார்.
காப்பகத்தின் கதவிலக்கத்தைப் போட்டோம்.
அதை வைத்துத்தான் ஆதார் வந்தது.

முதல் பத்து நாள் கட்டிலுக்குக் கீழே படுத்தாள்,
செருப்பைத் தலைக்கு வைத்து.
படுத்தாளே தவிர தூங்கவில்லை.

பயிற்சிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள்
பேரிலேயே தையல் இருக்கே என்று சிரித்து
தையல் மெஷின் படிவத்தை நீட்டினார்கள்.
அவள் அடுத்த மேஜையைப் பார்த்தாள்.
எரிந்துபோன மோட்டார் ஒன்று
வயிறு திறந்து கிடந்தது.
"பம்புசெட்டுக்குக் காயில் கட்டுறதும்மா.
ஒரு சுத்து தப்பினாலும் புகைஞ்சிடும்."
"எண்ணத் தெரியும்," என்றாள்.

எப்படி என்று பிறகொரு நாள் கேட்டேன்.
பிளாட்பாரத்தில் பொம்பளை கண்ணயரக் கூடாது.
நெல் ஏற்றிப் போகும் கூட்ஸை எண்ணுவாளாம்,
நாற்பத்திரண்டு பெட்டி, கடைசியில் கார்டு வண்டி.
அது போனபின் எதிர்ச்சுவரின் ஓடுகள்.
ஆறு வருஷம்.

கை நடுங்கிய வாரங்கள் உண்டு.
கோபித்துக்கொண்டு போனவளைக்
குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் தேடிப் பிடித்ததும் உண்டு.
நன்கொடையாளர் அறிக்கையில் அது இல்லை.

மேட்டூர் திறந்தும்
கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத ஆனி.
லோ வோல்டேஜில் மோட்டார்கள் வரிசையாய் எரிந்தன.
பட்டறை வாசலில் மணல்மேட்டுக்காரர்கள் பீடியோடு நின்றார்கள்.
அவள் கட்டிய முதல் மோட்டாரைப் பார்க்க நானும் போனேன்.
ஸ்விட்சைப் போட்டதும் குழாய் இருமியது,
சேற்றைக் கக்கியது,
பிறகு தெளிந்தது.
எல்லாரும் தண்ணீரைப் பார்த்தோம்.
அவள் மட்டும் குனிந்து
மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டின் கடைசிக் கட்டம்: வெளியேறிய காரணம்.
மேலே மூவருக்குச் சொல்லாமல் போனார்.
ஒருவருக்கு இறப்பு, அரசு மருத்துவமனை.
அவளுக்கு, வாடகை அறை, கூறைநாடு
என்று எழுதி
அட்வான்ஸ் ரசீதின் நகலை ஒட்டினேன்.

பதினோராம் நாள் நள்ளிரவில் கதவு தட்டப்பட்டது.
"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு.
நல்லாத்தான் இருக்கு.
யாரும் இருமாத வீட்டுல எதை எண்ணுறது?"
பழைய கட்டிலின் விளிம்பில்
பதினாறு பேரின் மூச்சுக்கு நடுவே விடியும்வரை உட்கார்ந்திருந்து
ஆறரைக்குப் பட்டறைக்குக் கிளம்பினாள்.

வருகைப் பதிவில் அவள் பெயரைச் சேர்க்கவில்லை.
அந்த மாதக் கணக்கில்
ஒரு டீ உதைத்தது.