திராட்சை வாசம்

வந்தது இரண்டு துளி.
ஊசியோடு வார்டிலிருந்து ஓடிவந்தான் ரொஷான்.
படிவத்தில் சவரிமேரி, அறுபத்து மூன்று, வலது கண்,
வெண்புரை எடுத்து நாலாம் நாள்.

கட்டுப் பிரித்த அன்று
சுவர்க் கடிகாரத்தில் செக்கன் முள்கூடத் தெரிந்ததாம்.
மறுநாள் விடிய ஜன்னலில் பனி.
அப்புத்தளையில் பனி என்ன அதிசயமா?
பத்து மணிக்குக் கலையும் என்று
லயத்து வாசலில் குந்தியிருக்கிறாள் மனுஷி.
பத்தாயிற்று.
மகள் உடுப்புக் காயப்போடுகிறாள்.
வெயில் முதுகைச் சுடுகிறது.
பனி மட்டும் போகவில்லை.
அதற்குப் பிறகுதான் வலி.
அதற்கும் பிறகுதான் பஸ்.

கோடிழுத்தேன், இரத்த அகார் தட்டில்.
முப்பத்தேழு பாகையில் அடைத்துவிட்டு
வீட்டுக்குப் போனேன். நெத்தலிக் குழம்பு.
நன்றாகத் தூங்கினேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

காலையில் மூடி திறக்குமுன்பே வாசம்,
பழுத்த திராட்சைபோல.
முகரக் கூடாதென்பது விதி; மூக்குக்கு விதி தெரியாது.
தட்டு நிறையப் பச்சை.
கவ்வாத்து வெட்டிய மலை
மூன்றாம் மாதம் துளிர்க்குமே, அந்தப் பச்சை.
சவரிமேரி பார்த்திருந்தால்
எத்தனை கிலோ தேறும் என்றிருப்பாள்.
ஒரு கணம் அழகாயிருந்தது எனக்கு.
கண்ணுக்குள் வளர்ந்தது இது என்பது
அடுத்த கணம்தான் வந்தது.

வார்டுக்கு அழைத்து அதன் பெயரைச் சொன்னேன்.
டொக்டர் திருப்பிச் சொல்லவில்லை.
பேனா மூடி கழற்றும் சத்தம்.
பிறகு,
“அன்றைக்கு அதே தியேட்டரில் இன்னும் ஆறு பேர், தங்கச்சி.”

ஜன்னலுக்கு வெளியே
பனி தன்பாட்டில் கலைந்துகொண்டிருந்தது.
ஆறு புதுத் தட்டுகளை எடுத்துவைத்தேன்.
பெயர் எழுதவில்லை, இன்னும்.