214-இன் கெண்டைக்கால்

முகம் தெரியாது.
இடது கெண்டைக்காலில், முழங்காலுக்கு நான்கு விரல் கீழே
உளுந்தளவு ஒரு மச்சம்.
வலது காலில் சங்கிலி பதித்த கறுப்புப் பல்தடம்.
முதுகில் நான்கு ஊக்குகளில் தொங்கும் 214.
ஒரு மணி இருபது நிமிடம்
என் உலகம் இவ்வளவுதான்.

பத்து பெரிங்கியில் இருட்டோடு புறப்பட்டபோது
முந்நூறு பேர்.
விசில் ஊதியதும் காலணிகள் பெடலைக் கவ்விய சத்தம்
தகரக் கூரையில் மழை தொடங்குவதுபோல.
எனக்கு இது நாலாவது வருடம்.
போன வருடம் அணைக்கட்டு மேட்டிலேயே
லோரி என்னை அள்ளிக்கொண்டது.
பஞ்சரான சைக்கிள்களுக்கு நடுவே உட்கார்ந்து
வாழைப்பழம் தின்றபடி ஊர் வந்து சேர்ந்தேன்.
ஓட்டுநர் ஆறுதல் எதுவும் சொல்லாமல்
ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.
அதுவே ஆறுதல்.

இந்த வருடம் அணைக்கட்டைத் தாண்டினேன்.
தித்தி கெராவாங் வளைவுகளில்
டுரியான் வாசனை பள்ளத்திலிருந்து ஏறி வந்து
திறந்த வாய்க்குள் புகுந்தது.
பிடித்த பழம்தான்; அன்றைக்கு வாந்தி வரப் பார்த்தது.
இறக்கத்தில் எல்லாரும் பறந்துவிட்டார்கள்.
நான் பிரேக்கை விடவில்லை.
ஏழு வயதில் மகள் இருக்கிறாள்,
வீட்டுக் கடனில் இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது,
ஈரத் தார்ச்சாலை வளைவில்
இதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும்.

கீழே சுங்கை பூரோங் வயல்வெளி.
எதிர்க்காற்று.
அங்கேதான் அகப்பட்டார் 214.

பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
எனக்கு நுண்ணோக்கி வேலை.
ஈயப் பற்றில் மயிரிழை விரிசல் தேடிப்
பன்னிரண்டு மணி நேரம் குனிந்த கண்.
அவர் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும்
ஒரு சாண்.
அது ஒன்றேகால் சாண் ஆனாலே
எனக்குத் தெரிந்துவிடும்.
வெளியே தென்னைகள் தலைவிரித்தாடின.
உள்ளே, கதவைச் சாத்திய அறை.

முழங்கையை ஒருமுறை வெளிப்பக்கம் அசைத்தார்.
முன்னால் வா, உன் முறை என்று அர்த்தம்.
குனிந்துகொண்டேன்.
மறுபடி அசைத்தார்.
இருமினேன்.
இருமல் பொய்யில்லை,
முழு உண்மையும் இல்லை.
மூன்றாம் முறை அசைக்கவில்லை.
வேகத்தையும் குறைக்கவில்லை.
திட்டியிருக்கலாம்.

கெந்திங் மேட்டில் அவர் தோள்கள் ஆடத் தொடங்கின.
உப்புக் கோடுகள் சட்டையில்
வரைபடம்போல் காய்ந்துகொண்டிருந்தன.
ஒரு சாண்,
ஒரு சாணாகவே இருந்தது.

தெலுக் கும்பார்.
முந்நூறு மீட்டர் என்று ஒரு பலகை.
என் கால்கள், இதை எப்படிச் சொல்ல,
இப்போதுதான் படுக்கையிலிருந்து இறங்கியவைபோல் இருந்தன.
விலகினேன்.
காற்று முகத்தில் அறைந்தது.
எழுந்து நின்று மிதித்தேன்.
கோட்டில் அரைச் சக்கரம் முந்தி
ஐம்பத்தேழாவதாக வந்தேன்.

ஐம்பத்தேழாவதுக்கு
எல்லாருக்கும் மாட்டிய அதே மெடல்,
அதே தண்ணீர்ப் போத்தல்.

ஜாதிக்காய்ச் சாறு விற்ற மேசையில் வரிசை.
எனக்கு முன்னால் ஒரு சீனர்,
சட்டை மாற்றி, இடுப்பில் துண்டு சுற்றி,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.
தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர்
என்று சொன்னால் நம்பியிருப்பேன்.
சில்லறை கீழே விழுந்தது.
குனிந்தார். துண்டு விலகியது.

உளுந்து.

நிமிர்ந்தவர் என் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
மலாயில் கேட்டார்,
"இன்றைக்குக் காற்று பலம், இல்லையா?"
எனக்கு எப்படித் தெரியும்?
"கடைசி முந்நூறு மீட்டர் பலம்தான்" என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
பிறகு கண்ணாடி நழுவும் அளவுக்குச் சிரித்தார்.

முதுகுப் பையில் ஐந்து வெள்ளி வைத்திருந்தேன்.
வியர்வையில் ஊறி வாழைப்பழத் தோலோடு ஒட்டியிருந்தது.
பிரித்து எடுத்து நீட்டுவதற்குள்
இரண்டு கோப்பைக்கும்
அவரே கொடுத்திருந்தார்.