இடது பாதி

நாக்கின் ருசி காது வழியாகப் போகிறதென்று
எனக்குச் சொன்னவள் டாக்டர் ஷெறின்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் காதைக் கழற்றிக் காட்டினாள்.
செவிப்பறைக்குப் பின்னால்
சுத்தியல் எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே
துணி காயப்போடக் கட்டிய கொடிபோல
ஒரு மஞ்சள் நூல்.
"இது கேக்கதுக்கு உள்ளது இல்லண்ணா.
நாக்குக்குப் போற நரம்பு, இந்த வழியா போவுது, அவ்வளவுதான்.
சீழு இதையும் அரிச்சிருக்கு.
அறுக்காம முடியாது."

கடியப்பட்டணத்துப் பாறைகளில்
பத்தொன்பது வருஷம் சிப்பிக்கு முங்கிய காது அது.
ஐந்து பாகம் ஆழத்தில் விசிலடிக்கும்.
அதைக் கேளாதிருக்கப் பழகியதுதான் என் தொழில்.
காது போனால் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.
அதற்குள் இன்னொருத்தர் வாடகைக்கு இருந்தது
யாருக்குத் தெரியும்?

கட்டு அவிழ்த்த அன்று
விண்ணரசி கட்டன்சாயா தந்தாள்.
கருப்பட்டி வலதில் இனித்தது.
இடதில் சூடு மட்டும்.
அவள் அடுக்களைக்குள் போனதும்
சாமித்தோப்பு உப்பில் ஒரு கல் எடுத்து
நாக்கின் இடது ஓரத்தில் வைத்துப் பார்த்தேன்.
கல்.
வலதுக்குத் தள்ளினேன்.
உப்பு.

ஒரு மாதம்தான். பிறகு
மரச்சீனி மயக்கியதும் சாளைக்கறியும்
வாய் நிறைய ருசித்தன, இரண்டு பக்கமும்.
நரம்பு முளைத்துவிட்டதென்று ஓடிப்போய்ச் சொன்னேன்.
ஷெறின் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு இடதில் வைத்தாள்.
ஒன்றுமில்லை.
சோறு எங்கெல்லாம் படுகிறதோ
அங்கெல்லாம் ருசி இருப்பதாக
மூளையே எழுதிக்கொள்ளுமாம்.
எங்கள் சங்கத்துக் கூட்டத்தில்
வராதவன் பேருக்கும் கையெழுத்துப் போடுகிற
ததேயுஸ் மாதிரி.

இப்போது முட்டத்தில்
ஐஸ் பிளாண்டில் சீட்டு எழுதுகிறேன்.
பத்தரைக்கு வயிறு கூப்பிடும்.
வள்ளம் கரை தொட்டு
காந்தாரி மிளகு கடித்துப் பழங்கஞ்சி குடிக்கிற நேரம் அது.
நான் கடலுக்குப் போவதில்லை என்று
வயிற்றுக்கு யாரும் தகவல் கொடுக்கவில்லை.
முங்கினாலும் முங்காவிட்டாலும்
அதே நாலு அகப்பை.
போதும் என்கிற சொல்
குடலிலிருந்து நெஞ்சேறிக் கழுத்தேறி
மண்டைக்கு வந்துசேர இருபது நிமிஷம் ஆகுமாம்.
கைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
பதினோரு கிலோ.
விண்ணரசி சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

போன செவ்வாய் ராத்திரி,
சாப்பிட்டு வெகுநேரம் கழிந்து,
வெறும் வாயில், இடதில்,
இரும்பு.
பாறையில் கை பிடித்துக்கொள்ளும்போது
பல்லுக்கிடையில் கவ்வுவேனே
அந்த உளியின் ருசி, துருவும் உப்புமாக.
எழுந்து துப்பினேன். ரத்தம் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் விண்ணரசி
வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.
"ஒண்ணும் இல்லியே. என்னத்தத் தின்னிய?"

ஷெறின் இரண்டு காரணம் சொன்னாள்.
அறுந்த நுனி துளிர்க்கலாம்.
இல்லையென்றால், செத்துப்போன லைனில்
காது வைத்துக் காத்திருக்கும் மூளை
பழையதைத் தானே பேசிக்கொள்ளலாம்.
எதுவென்று அவளுக்கும் தெரியவில்லை.
நான் கேட்க நினைத்தது வேறு.
கடல் தெளிந்துவிட்டது,
பையன்கள் மாஸ்க்கைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார்கள்,
அந்த நேரம் பார்த்து ஏன் வந்தது?
கேட்கவில்லை.

இன்று காலை ஆளில்லாத நேரம்
ஐஸ் அறைச் சாவியை
இடதுபக்கப் பல்லில் கவ்விப் பார்த்தேன்.
நல்ல பழைய இரும்பு.
குளிர்ந்தது. கனத்தது.
ருசி இல்லை.

சாவியைத் துடைத்து ஆணியில் மாட்டும்போது
வாயில் ஒன்றுமே இல்லாதபோது
மறுபடி வந்தது.
மணி பத்து இருபது.
வயிறு இன்னும் கூப்பிடவில்லை.