தொடுகைக் கோணம்

ஹெவ்லொக் வீதியில் மழை இன்னும் தொடங்கவில்லை.
மூன்றாம் மாடி ஆய்கூடத்தில் நான்
ஐந்து மைக்ரோலீற்றர் மழையை
ஊசிமுனையில் பிடித்து வைத்திருக்கிறேன்.

கீழே காபன் தகடு, விரல் நகமளவு.
அதன்மேல் லேசர் செதுக்கிய தூண்கள்,
ஒவ்வொன்றும் தலைமயிரின் தடிப்பில் பத்திலொன்று.
துளி இறங்குகிறது.
இறங்கியும் உட்காராமல் நிற்கிறது,
வாசலில் செருப்பைக் கழற்றாமலே
"இல்லை, போகவேணும்" என்கிறவரைப் போல.

நூற்று ஐம்பத்திரண்டு பாகை.
தட்டின் ஓரத்தை மூன்று பாகை உயர்த்தினால்
உருண்டு போய்விடும். போன தடமும் இராது.
சேம்பிலை என்று எழுதிவிட்டு
நேரத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
"இதை மாற்ற ஏலுமா அக்கா?" என்கிறான் தனுக,
பாதி தமிழும் பாதி கையுமாக.

ஏலும்.
ஒட்சிசன் பிளாஸ்மா, நாற்பது செக்கன்.
கண்ணாடிக் கூண்டுக்குள் ஊதா வெளிச்சம்.
அதே தகடு, அதே தூண்கள்,
அடுத்த துளியைச் சொட்டு மிச்சமில்லாமல்
குடித்துவிடுகிறது.
கோணம் என்று அளக்க ஒன்றுமில்லை.
கறுப்பின் மேல் இன்னும் கொஞ்சம் கறுப்பு.

எங்களை அலைக்கழித்தது தூணில்லாத வெறும் தகடு.
பொகலைக் காரீயம்.
ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்தால் தோல் உரியும்,
உள்ளே ஒருவரும் தொடாத பரப்பு.
உரித்த கையோடு துளி வைத்தால் அறுபத்துநாலு.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வைத்தால் எண்பது.
மறுநாள் காலை தொண்ணூற்றொன்று.

மூன்று கிழமை ஊசியைக் குறை சொன்னோம்.
தண்ணீரை மாற்றினோம்.
தனுகவின் கையை, என் மூக்குக்கண்ணாடியை,
வாடகைக்கு எடுத்த கமெராவை.
ஒரு புதன்கிழமை மின்வெட்டில்
ஏசி நின்று யன்னலைத் திறந்தபோது
கன்டீனில் ரோல்ஸ் பொரிகிற எண்ணெய் மணம் ஏறி வந்தது,
பின்னாலேயே பஸ் புகையும்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
தனுக மட்டும் தகட்டைப் பார்த்தான்.

காபன் தண்ணீரை வேண்டாம் என்றதேயில்லை.
வேண்டாம் என்றது
இந்த நகரத்துக் காற்று அதன்மேல் பூசிவிட்ட
ஒரு மூலக்கூற்றுத் தடிப்பு எண்ணெய்.
அறிக்கையில் "வளிவழி ஐதரோகாபன் மாசு" என்று எழுதினேன்.
எழுதிவிட்டு நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்திருந்தேன்.

அறுபத்துநாலு.

நாலு வருடத்துக்கு முன்
பிறேமலோஜினி இதே எண்ணைச் சொன்னாள்.
கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால்
"புத்தகத்தில் தொண்ணூறு. உனக்கு அளக்கத் தெரியாது" என்றேன்.
அவளுக்கு வேகமான கை,
காற்று வருமுன் துளியை வைத்துவிடுவாள்.
என் பெயரில்லாமல் அவள் கட்டுரை வந்தது.
யார் என்ன சொன்னார்கள், எது அவளே சொன்னது,
எல்லாம் கன்டீன் மேசையில் கேட்டவைதான்.

அந்த வருடக் கடைசியில் கொட்டாஞ்சேனையில்
அவள் வீடு குடிபுகுந்த நாள்.
போகாமல் இருக்கவும் முடியவில்லை.
இடியப்பமும் சொதியும் வைத்தாள்.
வயிறு சரியில்லை என்று
கை நனைக்காமலே எழும்பி வந்தேன்.
வாழையிலையை அவளே மடித்தாள்,
என் பக்கமாகவா, தன் பக்கமாகவா
என்று இப்போது நினைவில்லை.

யன்னலில் முதல் மழை.
கண்ணாடியில் விழுந்த துளிகள்
ஒரு ஒழுங்குமில்லாமல் இழுபட்டு வழிகின்றன,
தூசி அதிகம், அளக்கத் தகுதியில்லை.
தனுக குடையில்லாமல் போய்விட்டான்.
மேசையில் இப்போதுதான் உரித்த தகடு.
ஃபோனை எடுக்கிறேன்.

"உன்ர அறுபத்துநாலு சரி."
அழிக்கிறேன். திரும்ப அடிக்கிறேன்.
"உன்ர அறுபத்துநாலு சரி.
ஞாயிறு மத்தியானம் வரட்டா, சாப்பாட்டுக்கு?"

திரையில் துளி, அறுபத்தொன்பது.
எழுபத்திரண்டு.
யன்னல் திறந்தபடியே கிடக்கிறது.
அனுப்பும் பொத்தானுக்கு மேலே
என் பெருவிரல்,
வியர்த்திருக்கிறது.