புகார்: அறை 31, டிவி மங்கல்

தணிகாசலம் லாட்ஜ், மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.
டூல் பெட்டியோடு நான் ஏறி முடிப்பதற்குள்
வேலூர் வெயில் முந்திக்கொண்டு போய்
கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

மால்டாவிலிருந்து வந்தவர். நிமாய் என்று பேர்.
கழுத்தில் ஆஸ்பத்திரி பாஸ், கரண்ட் அடுப்பில் அரிசி,
ஜன்னல் கம்பியில் ஒரே ஒரு புடவை.
எங்கள் பேர்ணாம்பட்டு உருதுவும்
அவருடைய சினிமா இந்தியும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
“பதினோரு நாளாக இருட்டு” என்றார்.
டிவியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பேனலை மெத்தையில் கவிழ்த்து
திருகுகளை அவருடைய டம்ளரில் போட்டேன்.
எல்இடி பட்டையில் இரண்டு செத்திருந்தன. அது சுலபம்.
மேலே விரித்த தாள்களில் ஒன்று கசங்கியிருந்தது,
யாரோ முன்பே திறந்து அவசரமாக மூடியதில்.

“இது கண்ணாடியா?”
இல்லை, பிளாஸ்டிக்.
வெங்காயம் மாதிரி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்.
வெங்காயத்துக்கு இத்தனை தோல் கிடையாது.
இரண்டே வகை, மாற்றி மாற்றி, நூற்றுக்கணக்கில்,
அத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம்.
பிறகு அதை ஒரே பக்கமாக இழுக்கிறார்கள்.

இழுப்பது எனக்குத் தெரியும்.
என் மச்சான் டேனரியில்
ஈரத்தோலைச் சட்டத்தில் கவ்வ வைத்து இழுக்கிறான்.
எந்தப் பக்கம் இழுத்தான் என்பதை
செத்த பிறகும் தோல் மறப்பதில்லை.
இந்தத் தாளும் அப்படித்தான்.
இழுபட்ட திசையில் ஆடி வரும் வெளிச்சத்துக்கு
ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சின்ன இல்லை.
பெரிய இல்லை எங்கேயும் கிடையாது.
கவுன்ட்டர் கவுன்ட்டராகக்
கொஞ்சம் கொஞ்சம் திருப்பியே
முழுசாகத் திருப்பிவிடும்.
குறுக்கே ஆடி வருவதற்கோ
அடுக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது.
விறுவிறுவென்று போய்விடும்.

“திருப்பி அனுப்பினது?”

கீழே ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறது.
அதில் மோதி, திசை குழம்பி, மறுபடி ஏறி வரும்.
அதில் ஒரு பாதிக்கு இந்தத் தடவை வழி கிடைக்கும்.
மீதி இன்னொரு தடவை.

“எத்தனை தடவை?”

நான் எண்ணியதில்லை.

நேற்றும் காய்ச்சல் என்று
ஷெஃபாலியின் மருந்தைத் தள்ளிவைத்துவிட்டார்களாம்.
இது மூன்றாவது.
சொல்லிவிட்டு அரிசியைக் கிளறப் போனார்.
அது ஏற்கெனவே குழைந்திருந்தது.

செத்துப்போன இன்னொரு டிவியிலிருந்து எடுத்து வந்த
நல்ல தாளை விரித்தேன்.
கசங்கியதில் கசங்காத மூலையை
ஒரு போன் அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன்.
சும்மா, விளையாட்டுக்கு. வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

திரையில் ஷெஃபாலி.
மாந்தோப்பு, வெயிலுக்குச் சுருக்கிய கண், இடுப்பு வரைக்கும் பின்னல்.
தாளைத் திருப்பினார்.
அவள் போய்விட்டாள்.
அந்த இடத்தில் அவருடைய முகம், பதினோரு நாள் தாடியோடு.
திடுக்கிட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தார்.
மறுபடி திருப்பினார். மாந்தோப்பு.
மறுபடி. தாடி.
பிறகு ஏதோ தோன்றி
சாய்வாக, நடுவிலேயே நிறுத்தினார்.

இரண்டு பேரும் மங்கல்தான்.
அவள் பின்னல் அவருடைய தோளில் விழுந்திருந்தது.

சால்டரிங் புகையை ஊதுகிறமாதிரி
நான் வேறு பக்கம் குனிந்துகொண்டேன்.

டிவி எரிந்தது. தமிழ்ச் செய்தி,
பாலாற்றில் தண்ணீர் விடுவதைப் பற்றி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.
வெளிச்சம் சுவர் வரைக்கும் போனது.
அவர் நிமிரவில்லை.

நோட்டில் எழுதினேன்:
31, சரி. எல்இடி 2, தாள் 1.
அந்தத் துண்டை எழுதவில்லை.

படியில் பாதி இறங்கும்போதே
தணிகாசலம் கீழிருந்து குரல் கொடுத்தார்,
“முபீனா, இருபத்தேழிலேயும் மங்கலாம்மா.”